இஸ்திரிப் பெட்டிச் சின்னத்தில் என் மதினி

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோருக்கும் ரசம் ஊற்றிக்கொண்டே என் மதினி சொன்னார்: “நான் எலெக்‌ஷன்ல நிக்கப் போறேன். எம்.எல்.ஏ.வுக்கு.”

மதினி என்றால் என் கணவரின் அக்கா. நான் திருநெல்வேலிக்காரி, எங்கள் பக்கம் நாத்தனாரை அப்படித்தான் கூப்பிடுவோம். இவர்கள் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலேயே வேலூர்ப் பக்கமிருந்து செகந்திராபாத் வந்து தங்கிவிட்டது. வீட்டில் பேசுவது தமிழ்தான் என்றாலும் அதில் தெலுங்கும் உருதுவும் தாராளமாகக் கலந்திருக்கும். ஹைதராபாத் அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படிக்க வந்த இடத்தில் நான் என் கணவரைப் பார்த்து, இரு வீட்டிலும் பேசி முடித்து, லோத்குண்டாவில் இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மதினி மாடியில் தனியாக இருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாப்பாடு மட்டும் எங்களோடு.

என் கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். “அக்கா, உனக்குக் கைக்கு இந்த வேலை?”

‘கைக்கு’ என்றால் ‘எதற்கு’. கல்யாணமாகி வந்த புதிதில் நான் கற்றுக்கொண்ட முதல் வார்த்தை அது.

“கைக்குன்னா? அந்த வேலை எனக்குத் தெரியும். அதுக்குத்தான்” என்றார் மதினி.

“எந்தக் கட்சி?”

மதினி பெயரைச் சொன்னார். எங்களில் யாரும் கேள்விப்பட்டதில்லை. காலேஜில் படிக்கும் என் மகள் உடனே போனில் தேடிப் பார்த்துவிட்டு, “அத்தை, தே ஹேவ் லைக் நோ ஃபாலோயர்ஸ்” என்றாள். தமிழ் நன்றாகப் புரியும் அவளுக்கு, பதில் மட்டும் தமிழில் வராது. ரிட்டையரான சில வாத்தியார்கள், ஒரு டாக்டர், முன்பு பஸ் கண்டக்டராக இருந்த ஒருவர், படிப்பு முடித்த சில பெண்கள் சேர்ந்து பதிவு செய்த கட்சி அது. எங்கள் தொகுதியில் ஓட்டெல்லாம் இரண்டு பெரிய கட்சிகளுக்குள்ளேயே பங்காகிவிடும். மூன்றாவதாக நிற்பவர்களின் பெயர் வாக்கு இயந்திரத்தில் மட்டும்தான் இருக்கும், ஊரில் யார் வாயிலும் இருக்காது.

அந்த வேலை தெரியும் என்று மதினி சொன்னது பேச்சுக்குச் சொன்னதில்லை. அவர் சட்டசபையில் ரிப்போர்ட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பத்திரிகை ரிப்போர்ட்டர் இல்லை. சபைக்கு நடுவில், சபாநாயகர் இருக்கைக்குக் கீழே ஒரு சின்ன மேஜை உண்டு. அங்கே உட்கார்ந்து யார் என்ன பேசினாலும் ஒரு சொல் விடாமல் சுருக்கெழுத்தில் எழுத வேண்டும். சில நிமிஷத்துக்கொரு முறை அடுத்த ஆள் வந்து உட்காருவார், முதல் ஆள் ஓடிப்போய் எழுதியதைத் தட்டச்சு செய்து திரும்பி வர வேண்டும். மதினியின் வேலைக்காலம் முழுக்க இதுதான். ஆளுங்கட்சி ஒரு பக்கம் கத்தும், எதிர்க்கட்சி மறுபக்கம் கத்தும், இவர் நடுவில் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருப்பார்.

“சிரிப்பு வந்தா சிரிக்கக் கூடாது, கோவம் வந்தா அதையும் முழுங்கணும்” என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். “நாங்க அங்க ஒக்காந்திருக்கிறதே யாருக்கும் தெரியக் கூடாது. அதான் நல்ல ரிப்போர்ட்டர்.”

அந்த வருஷங்களில் அவர் மனதில் நின்ற ஒரு உறுப்பினரைப் பற்றி அடிக்கடி பேசுவார். தூரத்து மாவட்டத்திலிருந்து வந்தவர். பெரிய கட்சி எதிலும் இல்லை. சபையில் அவருடைய கட்சிக்கு அவர் ஒருவர்தான். தினமும் காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்து, மசோதாவின் நகலில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருப்பார். ஒரு நாள் கூலிக்காரர்கள் சம்பந்தப்பட்ட மசோதா வந்தது. அதில் ஒரு வரியில் அரசு இன்ன வசதியைச் ‘செய்யலாம்’ என்று இருந்தது. இவர் எழுந்து, ‘செய்யலாம்’ என்றால் செய்யாமலும் இருக்கலாம், ‘செய்ய வேண்டும்’ என்று மாற்றுங்கள் என்றார். கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. அமைச்சர் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். அந்த நிமிஷம் மேஜையில் இருந்தது மதினி.

“ஒரே ஒரு ஆளு, ஒரே ஒரு வார்த்த” என்பார். “அந்தாளு இல்லன்னா அது அப்படியே போயிருக்கும். அன்னைக்கு அந்த வார்த்தைய எழுதினது நான்.”

ஆக, மதினிக்கு எம்.எல்.ஏ. என்றால் அந்த மனிதர்தான். காரும் கூட்டமும் மாலையும் அவர் கண்ணில் படவே இல்லை. வீட்டில் அதற்கப்புறம் யாரும் தடுக்கவில்லை. தடுத்திருந்தாலும் நடந்திருக்காது.

சின்னக் கட்சி வேட்பாளரைத் தொகுதியின் வாக்காளர்கள் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். நானும் என் கணவரும் கையெழுத்துப் போட்டோம். பக்கத்து அபார்ட்மென்ட்டில் ஒருவர் சரி என்று சொல்லிவிட்டு மறுநாள் தயங்கினார். அவருடைய மச்சினர் பெரிய கட்சியில் வட்டப் பொறுப்பில் இருந்தார். மதினி அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. “நீங்க வீட்ல நிம்மதியா இருக்கணும், அது முக்கியம்” என்று சொல்லிவிட்டு வந்தார். மனு கொடுக்கும் நாள் காலையில் அந்த மனிதர் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு எங்கள் கேட்டில் வந்து நின்றார். மச்சினர் கோபித்தால் கோபித்துக்கொள்ளட்டும் என்றார்.

சின்னம் இஸ்திரிப் பெட்டி கிடைத்தது. மதினிக்கு ரொம்ப சந்தோஷம். தமிழிலும் தெலுங்கிலும் உருதுவிலும் அதற்கு ஏறக்குறைய ஒரே பெயர்தான், யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டாம் என்றார்.

பிரச்சாரத்துக்கு வாகனம் என் ஸ்கூட்டி. நான் ஓட்ட, மதினி பின்னால் உட்கார்ந்து, மடியில் நோட்டீஸ் கட்டை வைத்துக்கொள்வார். நான் ஒரு கம்பெனிக்குச் சம்பளக் கணக்கு வேலை வீட்டிலிருந்தே பார்க்கிறேன். அந்த மாதம் காலையிலேயே அதை முடித்துவிட்டு மாலையில் அவரோடு கிளம்பினேன். கட்சியிலிருந்து அந்த முன்னாள் கண்டக்டரும் பைக்கில் வருவார். அவருக்குத் தொகுதியின் சந்துபொந்தெல்லாம் அத்துப்படி.

முதல் தெருவிலேயே ஒரு அம்மா, வீட்டுக்கு முன்னால் டிரெய்னேஜ் பொங்குகிறது என்று காட்டினார். நானாக இருந்தால், ஜெயித்ததும் முதல் வேலை இதுதான் என்று சொல்லியிருப்பேன். மதினி குனிந்து பார்த்தார். பிறகு அந்த அம்மாவிடம், இது எம்.எல்.ஏ. செய்கிற வேலை இல்லை, இந்த ஆபீஸில் இன்ன பிரிவில் புகார் கொடுக்க வேண்டும், கொடுத்தால் ஒரு நம்பர் தருவார்கள், அதை வாங்காமல் வராதீர்கள் என்று தெலுங்கில் பொறுமையாகச் சொன்னார்.

தெரு திரும்பியதும் கண்டக்டர் பைக்கை நிறுத்திவிட்டார். “மேடம், செஞ்சுடறேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனா என்ன? எல்லாரும் அதத்தானே சொல்றாங்க” என்று தெலுங்கில் கெஞ்சினார்.

“நக்கோ” என்றார் மதினி. வேண்டாம் என்று அர்த்தம். “என்னால ஆகாதத சொன்னா, ஆகிறதச் சொல்லும்போது யார் நம்புவாங்க?”

மாதம் முழுவதும் இப்படியே போனது. தண்ணீர் வரவில்லை என்பார்கள், தெருவிளக்கு எரியவில்லை என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று சொல்வார். பிறகு, “எனக்கு ஓட்டுப் போட்டா நான் இன்னா செய்வேன்னு சொல்லட்டுமா?” என்று கேட்டு, சபைக்குத் தினமும் போவேன், வருகிற ஒவ்வொரு மசோதாவையும் படிப்பேன், நம் தொகுதிக்கு வர வேண்டிய பணத்தைப் பற்றிக் கேள்வி கேட்பேன், கேட்டதை வந்து உங்களிடம் சொல்வேன் என்று முடிப்பார். சிலர் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். சிலர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்கள். ஒரு வீட்டில் கல்லூரி ஆசிரியை ஒருவர் அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, மசோதா என்றால் என்ன, எப்படிச் சட்டமாகிறது என்று கேட்டார். மதினிக்குப் பேசப் பேச முகம் மலர்ந்துவிட்டது. வாசலில் நானும் கண்டக்டரும் கொசுக்கடியில் நின்றுகொண்டிருந்தோம்.

எங்கள் பகுதியில் எல்லோர் மனதிலும் இருந்தது ஒரே ஒரு விஷயம்தான், கேட். எங்கள் காலனிகளை ஒட்டி ராணுவ நிலம் இருக்கிறது. அதன் வழியாக ஒரு குறுக்குப் பாதை போகும். முன்பு அதில் எல்லோரும் போய்வந்தோம். பிறகு பாதுகாப்புக்காக அதில் கேட் போட்டு மூடிவிட்டார்கள். அதிலிருந்து ஸ்கூல் பஸ், ஆம்புலன்ஸ், ஆபீஸ் போகிறவர்கள் எல்லோரும் பெரிய சுற்றுச் சுற்ற வேண்டியதாயிற்று. தேர்தல் வந்தால் கேட் பேச்சும் வந்துவிடும்.

குடியிருப்போர் சங்கங்கள் சேர்ந்து ஒரு கூட்டம் போட்டன. ஒரு அபார்ட்மென்ட்டின் கார் நிறுத்துமிடத்தைக் காலி செய்து பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மூன்று வேட்பாளர்கள் வந்தார்கள். முதல் பெரிய கட்சிக்காரர், பெரிய மீசை வைத்தவர், மாலையும் கூட்டமுமாக வந்தார். டில்லியில் தனக்கு ஆள் இருக்கிறது, தேர்தல் முடிந்த மூன்றே மாதத்தில் கேட் திறக்கும் என்றார். கைதட்டல். இரண்டாவது பெரிய கட்சிக்காரர், மூக்குக் கண்ணாடி போட்டவர், முதல் முறை நிற்பவர். மூன்று மாதம் எதற்கு, முதல் மாதமே திறப்பேன் என்றார். இன்னும் பெரிய கைதட்டல்.

மதினி எழுந்து மைக்கைப் பிடித்தார். கைத்தறிப் புடவை, தோளில் பை. முதல் வாக்கியமே இதுதான்: “ஆ கேட்டு நா சேதுல்லோ லேது.”

அந்தக் கேட் என் கையில் இல்லை என்றார்.

நாற்காலிகளில் ஒரு சலசலப்பு எழுந்தது. மதினி நிறுத்தவில்லை. அந்த நிலம் மத்திய அரசின் பாதுகாப்புத் துறையுடையது, எந்த எம்.எல்.ஏ.வும் அதைத் திறக்க முடியாது என்றார். சபையில் கேள்வி கேட்கலாம், மாநில அரசு டில்லிக்கு எழுதியதா என்று கேட்கலாம், எழுதியிருந்தால் என்ன பதில் வந்தது என்று கேட்கலாம், மாற்றுப் பாதைக்கு நிலம் ஒதுக்கச் சொல்லலாம். “இதச் செய்வேன். இதுக்கு மேல செய்வேன்னு சொன்னா அது பொய்.”

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். கையில் குழந்தையின் ஸ்கூல் பை இருந்தது. “மரி மீகெந்துக்கு ஓட்டு வெய்யாலி?” என்று கேட்டார். அப்புறம் உங்களுக்கு எதற்கு ஓட்டுப் போட வேண்டும்? கேட்டதில் கிண்டல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“நான் உங்க சார்பா பேசப் போறவ, அம்மா. நீங்க பேச அனுப்புறவங்க உங்ககிட்டயே உண்மையப் பேசலன்னா, அங்க போய் என்ன பேசுவாங்க?”

யாரும் கைதட்டவில்லை. மீசைக்காரரோடு வந்தவர்கள் சிரித்தார்கள். சிலர் எழுந்து டீ இருந்த மேஜைப் பக்கம் போனார்கள். கேள்வி கேட்ட பெண் மட்டும் உட்காராமல் மதினியைப் பார்த்தபடியே நின்றார். மதினி வணக்கம் சொல்லிவிட்டு மைக்கை வைத்தார்.

ஸ்கூட்டியில் திரும்பும்போது எனக்குப் பொறுக்கவில்லை. “ஏன் மதினி, இப்படிச் சொல்லிட்டிய? கேட்டப் பத்திப் பேசாமலாவது இருந்திருக்கலாம்லா?”

“அவங்க கேக்க வந்ததே கேட்டப் பத்தி. அத விட்டுட்டு வேற இன்னா பேசுறது?”

“ஓட்டெல்லாம் போச்சு.”

“போனா போகட்டும். நீ ரோட்டப் பாத்து ஓட்டு.”

நான் ரோட்டைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த பெண்களில் இத்தனை பேர் முகம் சுளிக்கும்போது குரல் பிசகாமல் பேசி முடித்தவர் வேறு யாரும் இல்லை. எங்கள் ஆபீஸ் மீட்டிங்கில் மேனேஜர் ஒரு தேதியைச் சொல்லி முடியுமா என்றால், முடியாது என்று தெரிந்தே தலையாட்டுகிறவள் நான். அன்று அவரைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு வண்டி ஓட்டுவது எனக்குப் பெருமையாக இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், சிக்னல் விழுந்துவிட்டது பார் என்றிருப்பார்.

பிரச்சாரத்தின் கடைசி நாள் காலையில் மதினி கீழே இறங்கி வந்து வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. காற்றுதான் வந்தது. சேவைக் காலம் முழுக்கப் பேசாமல் எழுதியே பழகிய தொண்டை, ஒரு மாதம் தெருத்தெருவாகக் கத்தியதைத் தாங்கவில்லை. உப்புத் தண்ணீர், மிளகுப் பால், டாக்டர் கொடுத்த மாத்திரை எதுவும் எடுபடவில்லை. சாயங்காலம் காய்கறி மார்க்கெட் முனையில் கடைசிக் கூட்டம். ஆட்டோவில் மைக் கட்டியாகிவிட்டது. கட்சிப் பெண்கள் வேறு இடத்துக்குப் போயிருந்தார்கள். கண்டக்டர் மைக்கைக் கண்டாலே ஒளிந்துகொள்கிறவர்.

மதினி என்னைப் பார்த்தார்.

“அய்யோ மதினி, எனக்குத் தெலுங்கு வராது. காய் வாங்குத அளவுக்குத்தான் தெரியும்.”

‘மார்க்கெட்டில்தானே பேசப் போகிறாய்’ என்பது போல் கையைக் காட்டினார். பிறகு நோட்டீஸின் பின்பக்கத்தில் வேகமாக எழுதி என்னிடம் நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். வளைவும் கொக்கியும் புள்ளியுமாக, முழுக்கச் சுருக்கெழுத்து. அவசரத்தில் கை பழக்கத்துக்குப் போய்விட்டது. நான் அதைத் திருப்பிக் காட்டியதும் மதினி நெற்றியில் அடித்துக்கொண்டார். அதற்குள் கண்டக்டர் மைக்கை என் கையில் திணித்துவிட்டார்.

காய்கறிக்காரர்கள், பை தூக்கிக்கொண்டு போகிறவர்கள், பானிபூரி தின்றுகொண்டிருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“நேனு… ஆமெ தம்முடி பார்யனி” என்று ஆரம்பித்தேன். நான் அவருடைய தம்பியின் மனைவி. அதற்கு மேல் தெலுங்கு வரவில்லை. தமிழும் தெலுங்கும் கலந்து அடித்தேன். இவருக்குத் தொண்டை போய்விட்டது, அதனால் நான் பேசுகிறேன், எனக்கு உங்கள் பாஷை சரியாக வராது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். கேட் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். எல்லோரும் திறப்பேன் என்றார்கள், இவர் மட்டும் முடியாது என்றார், ஏனென்றால் இவர்… என்று வந்து அங்கே நின்றுவிட்டேன். ‘பொய்’ என்பதற்குத் தெலுங்கு வார்த்தை அந்த நேரத்தில் மறந்தே போனது.

“இவர்… பொய்… பொய் செப்பரு…” என்று திணறினேன்.

“அபத்தம்!” என்று வெங்காயக் கடையிலிருந்து ஒரு குரல் எடுத்துக்கொடுத்தது.

தமிழில் அபத்தம் என்றால் உளறல். என்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, “ஆமா, எனக்கே தெரியுது, உளறிக்கிட்டுதான் இருக்கேன்” என்றேன். கூட்டத்தில் தமிழ் தெரிந்த யாரோ ஒருவர் அதை விளக்கியிருக்க வேண்டும், சிரிப்பு பரவியது. தெலுங்கில் பொய்க்கு அதுதான் வார்த்தை என்று கண்டக்டர் என் காதில் சொன்னார்.

“ஹா, அதே! ஆவிட அபத்தம் செப்பரு!” என்று மைக்கில் கத்தினேன். அவர் பொய் சொல்ல மாட்டார்.

கைதட்டினார்கள். அந்த மாதத்தில் எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய கைதட்டல் அது. பானிபூரி தின்ற பெண்கள் நோட்டீஸ் கேட்டு வாங்கினார்கள். மதினி ஆட்டோவில் என் பக்கத்தில் நின்று இரு கையையும் கூப்பினார். கண் கலங்கியிருந்தது. சத்தமில்லாத குரலில் என்னவோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை.

ஓட்டுப் போடும் நாளில் நாங்கள் நால்வரும் ஒன்றாக நடந்து போனோம். என் மகளுக்கு அதுதான் முதல் ஓட்டு. வெளியே வந்ததும் விரலில் மையைக் காட்டி அத்தையோடு படம் எடுத்துக்கொண்டாள். யாருக்குப் போட்டாய் என்று என் கணவர் விளையாட்டாகக் கேட்டார். “டாடி, அதி சீக்ரெட்” என்று தெலுங்கில் மறுத்தாள், அது ரகசியமாம். மதினி அவளைத் தட்டிக்கொடுத்தார்.

எண்ணிக்கை நாளன்று எதிர்பார்த்ததுதான் நடந்தது. கண்ணாடிக்காரர் ஜெயித்தார். மீசைக்காரர் இரண்டாவது. மதினி மூன்றாவது. ரொம்பத் தூரத்து மூன்றாவது, டெபாசிட் போய்விட்டது. கேட்டுக்குப் பக்கத்துப் பூத்தில் எங்களுக்கு விழுந்தது சொல்லிக்கொள்ளும்படி இல்லை. மார்க்கெட் பூத்திலும் அப்படித்தான். கைதட்டியவர்களெல்லாம் எங்கே போனார்கள் என்று நான் கண்டக்டரிடம் கேட்டேன். ஆனால் ஒரே ஒரு தடவை போய், அதுவும் மழைக்கு ஒதுங்கிப் பாதியில் திரும்பிவிட்ட ஒரு காலனியில் இஸ்திரிப் பெட்டிக்கு நல்ல ஓட்டு. ஏன் என்று இன்றுவரை எங்களில் யாருக்கும் தெரியாது.

மதினிக்கு அதற்குள் குரல் திரும்பியிருந்தது. முடிவு அறிவித்ததும், மாலையும் பட்டாசுமாக இருந்த கூட்டத்துக்குள் அவர் நுழைந்து போனதைப் பார்த்தேன். எனக்குப் பயமாக இருந்தது. ஜெயித்தவரின் ஆட்கள் வழி விட்டார்கள். மதினி கண்ணாடிக்காரருக்குக் கை கொடுத்து, வாழ்த்துச் சொல்லி, இன்னும் ஏதோ சொன்னார். அவர் குனிந்து கேட்டுக்கொண்டார்.

“என்ன சொன்னிய மதினி?”

“முதல் நாள்லேர்ந்து சபைக்குப் போங்கன்னு சொன்னேன். ஆரம்பத்துல விட்டா அப்புறம் பழக்கமே வராது.”

அன்று வீட்டில் அவர் சாதாரணமாகத்தான் இருந்தார். மாடிக்குப் போனதும் நான் காபி எடுத்துக்கொண்டு போனேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். அழுதிருந்தார் என்பது தெரிந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். “ஒரு தடவ, ஒரே ஒரு தடவ அந்த மேஜையிலேர்ந்து எழுந்து பின்னாடி மெம்பர் பெஞ்சுல ஒக்காந்து பாக்கணும்னு இருந்துச்சு” என்றார். காபியைக் குடித்தார்.

இரண்டு மூன்று மாதம் கழித்து ஒரு சாயங்காலம் வாசலில் கார் நின்றது. கண்ணாடிக்கார எம்.எல்.ஏ. இறங்கினார், கூட ஒரே ஒரு ஆள். என் கணவர் அவசரமாக நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளினார். எம்.எல்.ஏ. உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார். கேட்டைப் பற்றிப் பெரிய அதிகாரிகளைப் பார்த்தாராம். மதினி அன்று கூட்டத்தில் சொன்னதைத்தான் எல்லோரும் சொன்னார்களாம். அடுத்த கூட்டத்தொடரில் கேள்வி கேட்க வேண்டும், எப்படிக் கேட்டால் மழுப்பாமல் பதில் சொல்வார்கள் என்று தெரியவில்லையாம்.

என் கணவர் முகத்தில், இப்போது மட்டும் வந்துவிட்டாயா என்பது போல ஒரு சிரிப்பு வந்தது. மதினி அவரை ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பு நின்றது.

இருவரும் சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை செய்தார்கள். ‘நடவடிக்கை எடுக்கப்படுமா’ என்று கேட்டால் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று சொல்லிவிடுவார்கள், ‘எந்தத் தேதியில் எழுதினீர்கள், என்ன பதில் வந்தது’ என்று கேளுங்கள் என்றார் மதினி. எம்.எல்.ஏ. மாற்றி மாற்றி எழுதினார். அவர் போட்ட ஒரு வாக்கியம் நன்றாக இருக்கிறது, அதை அப்படியே வையுங்கள் என்றார் மதினி. நான் தோசை ஊற்றிக் கொடுத்தேன். எம்.எல்.ஏ. இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

போகும்போது, “உங்களுக்கு என் மேல கோவம் இல்லையா, மேடம்?” என்று கேட்டார்.

“கைக்குக் கோவம்? எனக்கு ஓட்டுப் போட்டவங்களுக்கும் இப்ப நீங்கதான் எம்.எல்.ஏ.” என்றார் மதினி.

கேள்வி சபைக்கு வந்த நாளில் நாங்கள் டிவி முன்னால் உட்கார்ந்தோம். எம்.எல்.ஏ. தடுமாறாமல் கேட்டார். அமைச்சர் தேதியோடு பதில் சொன்னார், டில்லிக்கு மறுபடி எழுதுவதாகவும் மாற்றுப் பாதைக்கு அளவெடுக்கச் சொல்வதாகவும் உறுதி கொடுத்தார். மதினியின் வலது கை அவரறியாமல் மடியில் அசைந்துகொண்டிருந்தது, எழுதுவது போல. கேட் இன்னும் மூடித்தான் இருக்கிறது. மாற்றுப் பாதைக்கு இரண்டு முறை வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மதினி மறுபடி நிற்பாரா என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். காலனியில், கம்பெனியில், ஊரிலிருந்து போன் செய்கிற என் அக்காகூட. நான் அவரிடமே கேட்டேன். கட்சி கேட்டால் நிற்பேன், கேட்காவிட்டாலும் யாராவது நிற்கத்தானே வேண்டும் என்றார். இப்போது வாரத்தில் ஒரு மாலை ஏதாவது ஒரு தெருவுக்குப் போய்வருகிறார். நோட்டீஸ் இல்லை, கொடி இல்லை. போன வாரம் நான்தான் ஸ்கூட்டியில் கூட்டிப்போனேன். முதல் வீட்டில் யாரும் கதவைத் திறக்கவில்லை. இரண்டாவது வீட்டில் ஒரு வயதான தம்பதி எங்களை உட்காரவைத்து, பென்ஷன் விஷயமாக ஏதோ ஆபீஸ் ஆபீஸாக அலைவதைச் சொன்னார்கள். மதினி பையைத் திறந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, “நிதானமா முதல்லேர்ந்து சொல்லுங்க” என்றார்.